புதைத்த தாலந்தும் தூங்கிப்போன பிள்ளையும்

இரண்டு பேருக்கு நான் சொன்ன இரண்டு பதில்களோடு இதைத் தொடங்குகிறேன். இரண்டும் தவறான பதில்கள். அவற்றைச் சொன்ன நாளில் நான் இளங்குரு. இன்று தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பதில்கள் என்னை விட்டுப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, ஓர் இளந்தாய் அறைவீட்டுக்கு வந்தார். எங்கள் பாடகர் குழுவில் வயலின் வாசித்தவர் அவர். கலியாணத்துக்கு முன்னரே தேர்ச்சி பெற்ற கை. அப்போது மூத்தவனுக்கு மூன்று வயது, இளையவள் கைக்குழந்தை. "சுவாமி, பின்னேரத்திலை ஒரு மணித்தியாலம் வாசிச்சுப் பழகிறன். அந்த நேரம் பிள்ளை அழுதால் மாமி தூக்குவா. எண்டாலும் எனக்கு மனம் உறுத்துது. இது பாவமோ?" என்று கேட்டார். நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. "பிள்ளை, ஆண்டவர் இப்போது உமக்குத் தந்திருக்கும் வேலை அந்தக் குழந்தைகள்தான். அவர்கள் வளரட்டும். வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதே ஆண்டில், அதே பங்கில், ஒரு தந்தை இருந்தார். பகலில் கடற்றொழில், இரவில் கூத்து. ராசா வேடம் கட்டி அவர் களரிக்கு வந்து நின்றால் சனம் மூச்சு விடாது. பெருநாளுக்கு மூன்று நாலு மாதம் முன்னமே பழக்கம் தொடங்கிவிடும். ஒவ்வோர் இரவும் அவருடைய சிறிய மகன் பின்னாலேயே வருவான். கொஞ்ச நேரம் பார்ப்பான். பிறகு மத்தளக்காரரின் காலடியில் ஒரு சாக்கை விரித்துத் தூங்கிப்போவான். நடுச்சாமம் கடந்து, தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு போவார்கள். காலையில் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை வாங்கில் தலை சாய்த்துத் தூங்குகிறான் என்று ஆசிரியை வந்து என்னிடம் முறையிட்டார். நான் அந்தத் தந்தையை ஒரு சொல்லும் கேட்கவில்லை. கூத்து அரங்கேறிய இரவில் மேடையில் ஏறி, "இவரைப் போலக் கலைக்குத் தம்மைக் கொடுத்தவர் இந்தப் பங்கில் வேறில்லை" என்று பாராட்டினேன். சனம் கை தட்டியது. பிள்ளை அப்போதும் சாக்கில்தான் கிடந்தான்.

கவனித்தீர்களா, வாசகரே? தாய்க்கு, "கலையை விடு" என்றேன். தந்தைக்கு, "கலையைத் தொடர்" என்றேன். இருவருக்கும் ஒரே ஆண்டவர் தந்த கொடை. இருவருக்கும் ஒரே ஆண்டவர் தந்த பிள்ளைகள். நான் மட்டும் இரண்டு தராசு வைத்திருந்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தத் தாயைக் கண்டேன். பிள்ளைகள் நெடுநெடுவென வளர்ந்திருந்தார்கள். "இனி வயலினை எடுக்கலாமே" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எடுத்தனான் சுவாமி. வில்லின்ரை மயிரைப் பூச்சி அரிச்சுப் போட்டுது. அதை மாத்தலாம். விரல்தான் சொல்வழி கேக்குதில்லை" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

கூத்துக்காரரின் மகனையும் பின்னாளில் சந்தித்தேன். தகப்பன் முதுமையடைந்து, கூத்துக் கொப்பிகளை மகனின் கையில் ஒப்படைக்க ஆசைப்பட்டார். மகன் வாங்க மறுத்துவிட்டான். காரணம் கேட்டேன். "நான் அப்பாவை ராசாவாய்த்தான் கனக்கக் கண்டனான், சுவாமி. அப்பாவாய்க் கண்டது குறைவு" என்றான். கொப்பிகள் அந்த வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கக்கூடும்.

தாயிடம் பிள்ளைகள் இருந்தார்கள், கலை செத்துவிட்டது. தந்தையிடம் கலை இருந்தது, அதை வாங்கப் பிள்ளை இல்லாமற் போயிற்று. இந்த இரண்டு இழப்புக்கும் நடுவில் வேறு வழி இல்லையா? உண்டு என்று திருமறை நூல் சொல்லுகிறது. அன்று நான் அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். இன்று நாம் சேர்ந்து பார்ப்போம்.

கலை யாருடைய கொடை?

யாத்திராகமத்தின் 31ஆம் அதிகாரத்தை எடுங்கள். பாலைவனத்தில் ஆண்டவர் தமக்கு ஒரு கூடாரம் அமைக்கச் சொல்லுகிறார். அதைச் செய்ய யாரை அழைக்கிறார்? யூதா கோத்திரத்தவனான பெசலேல் என்னும் கைவினைஞனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவனைத் தம்முடைய ஆவியால் நிரப்புகிறார். எதற்காக? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, மணிகளை வெட்டிப் பதிக்க, மரத்தைச் செதுக்க. இறைவாக்கினர்மீது இறங்கிய ஆவியே உளிபிடித்த கையின்மீதும் இறங்குகிறது! 35ஆம் அதிகாரத்திலோ, திறமையுள்ள பெண்கள் தங்கள் கையால் நூல் நூற்று, நீலமும் செந்நீலமும் சிவப்புமான நூலையும் மெல்லிய சணலையும் கொண்டுவந்தார்கள் என்று வாசிக்கிறோம. அந்தப் பெண்களில் எத்தனை பேருடைய இடுப்பில் குழந்தை இருந்திருக்கும்! அவர்களைப் பார்த்து, "பிள்ளை வளரட்டும், பிறகு வா" என்று மோயீசன் சொல்லவில்லை. அவர்கள் நூற்ற நூலால் ஆண்டவரின் கூடாரத்துக்குத் திரை நெய்யப்பட்டது.

ஆகவே கலை என்பது வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் திருமறை நூலை நன்றாக வாசிக்காதவர்கள். இரண்டாவது வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு மார்கழி 8ஆம் நாள் நிறைவுற்றபோது, பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் கலைஞர்களுக்கென்றே ஒரு செய்தி விடுத்தார். இளமையில் நாடக மேடையில் நடித்தவரான பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1999ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று கலைஞர்களுக்கு ஒரு மடல் வரைந்தார். எங்கள் மண்ணிலும் நீ. மரியசேவியர் அடிகளார் 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடக்கி, ஆண்டவருடைய பாடுகளை மேடையில் ஏற்றி, எத்தனையோ உள்ளங்களை உருகச் செய்தார். திருச்சபை கலையை வாசலில் நிறுத்தி வைக்கவில்லை.

தாலந்து உவமை நமக்குப் பாடமானது. மத்தேயு 25ஆம் அதிகாரம். ஒரு தாலந்து பெற்றவன் அதைக் களவு கொடுக்கவில்லை, சூதாடித் தொலைக்கவில்லை, பத்திரமாக மண்ணில் புதைத்தான். பயந்து புதைத்தேன் என்று அவனே காரணமும் சொல்லுகிறான். எசமானுக்கு அந்தக் காரணம் போதவில்லை. அந்தத் தாயின் தாலந்தைப் புதைக்கக் குழி வெட்டிக் கொடுத்தவன் நான். எசமான் கணக்குக் கேட்கும் நாளில் நானும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

யாழ் வாசித்த தந்தை

அப்படியானால் கலைக்காக எதையும் மறக்கலாமா? அதற்கும் திருமறை நூல் ஒரு தந்தையைக் காட்டுகிறது.

தாவீதை அறியாதவர் யார்? அவர் யாழை எடுத்து வாசித்தபோது சவுல் அரசனைப் பிடித்த தீய ஆவி விலகிற்று. ஆண்டவரின் பேழைக்கு முன்பாக நடனமாடியவர். ஆலயத்துக்கென இசைவாணர்களை வகுத்து வைத்தவர். ஆனால் அவருடைய வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். மகன் அம்னோன் தன் சகோதரியையே கெடுத்தான். அரசர் கேட்டார், கடுங்கோபம் கொண்டார், அவ்வளவுதான். அவனை அழைத்து விசாரித்ததாகவோ, அழுத மகளை அணைத்துத் தேற்றியதாகவோ ஒரு வரியும் இல்லை. தந்தை செய்யாத நீதியை இரண்டு ஆண்டுகளின் பின் அப்சலோம் கத்தியால் செய்தான். பிறகு மூன்று ஆண்டு தலைமறைவு. திரும்பி வந்த பின்னரும், தந்தையின் கட்டளைப்படி, ஒரே நகரில் இரண்டு முழு ஆண்டுகள் தந்தையின் முகத்தைக் காணாமல் இருந்தான். அந்த முறிவு கலகமாக வெடித்தது. மகன் மாண்டான். "என் மகனே" என்று வாயில் மாடத்தில் தாவீது அழுத அழுகையை இன்று வாசித்தாலும் நெஞ்சு பிளக்கும்.

இன்னொரு மகன் அதோனியா. இவனும் தானே அரசனாவேன் என்று எழும்பினான். இவனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் முதலாம் அரசர் ஆகமம் போகிறபோக்கில் ஒரு செய்தியைச் சொல்லிச் செல்லுகிறது: "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஒருநாளும் கேட்டு அவனுடைய தந்தை அவனை வருத்தப்படுத்தியதில்லை. முதலாம் அதிகாரம், ஆறாம் வசனம். தந்தையர் அனைவரும் இதை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

யாழ் செய்த குற்றம் இது என்று நான் சொல்ல வரவில்லை. தாவீதுக்குப் போர் இருந்தது, அரசு இருந்தது, அவருடைய பாவமும் இருந்தது. ஆனால் ஒன்று தெளிவு. சவுலின் துயரைத் தீர்க்கத் தெரிந்த விரல்களுக்குத் தம் சொந்தப் பிள்ளைகளின் உள்ளத்தைத் தொட நேரம் வாய்க்கவில்லை. பிறருடைய கண்ணீரைத் துடைக்கும் கலைஞன், தன் வீட்டுக் கண்ணீரைக் காணாமல் இருக்கக் கூடும். அரங்கின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். பின்னால் சாக்கில் கிடக்கும் பிள்ளை தெரியாது.

பிள்ளைகளோடு பாடிய தந்தை

இனி அதே தாவீதின் காலத்தில் வாழ்ந்த மற்றொருவரைப் பாருங்கள். இவருடைய பெயர் பலருக்குத் தெரியாது. ஏமான் என்பவர். முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் வருகிறார். ஆலயத்தின் இசைத் தலைவர் மூவரில் ஒருவர். அவருக்குப் பதினான்கு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். பதினேழு பிள்ளைகள்! அந்த வீட்டில் அமைதியாக உட்கார்ந்து ஓர் இராகம் பழகியிருக்க முடியுமா? ஆனாலும் வேதம் சொல்லுவது என்ன? அவர்கள் அனைவரும் தங்கள் தந்தையின் பொறுப்பில், கைத்தாளத்தோடும் யாழோடும் சுரமண்டலத்தோடும், ஆண்டவரின் இல்லத்தில் பாடினார்கள். அடுத்த வசனம் பயிற்சி பெற்ற பாடகர்களின் தொகை 288 என்று கணக்கும் தருகிறது.

ஏமானின் வழி இதுதான்: பிள்ளைகளைக் கலையின் வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை, கலையைப் பிள்ளைகளின் வாசலுக்கு வெளியே எறியவுமில்லை. பிள்ளைகளின் நடுவே அதைப் பழகினார். பெசலேலைப் பற்றியும், பிறருக்குக் கற்பிக்கும் வரத்தையும் ஆண்டவர் அவன் உள்ளத்தில் வைத்தார் என்று யாத்திராகமம் கூறுகிறதல்லவா? கலையில் வளர்வதும் அதைக் கற்றுக்கொடுப்பதும் ஒரே ஆவியின் செயல். இதைக் கற்பித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்: பிள்ளைக்கு ஒரு சுரத்தைத் திருத்திக் காட்டும்போது, நம் விரலில் உள்ள பிழையும் நமக்குத் தெரிந்துவிடும்.

இருந்தாலும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிள்ளையைக் கலைக்குள் அழைப்பது வேறு, பிள்ளையைக் கலைக்கு விற்பது வேறு. நமக்குக் கிடைக்காத மேடையைப் பிள்ளையின் முதுகில் ஏறிப் பிடிக்க நினைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். பாட்டு வகுப்பு, நடன வகுப்பு, சித்திர வகுப்பு, அதன்மேல் ரியூசன். பிள்ளைக்கு விளையாட ஓர் அந்திப் பொழுதும் இல்லை. போட்டியில் முதலாம் இடம் வராவிட்டால் வீட்டில் மூன்று நாள் முகம் கறுத்திருக்கும். அங்கே இசை இல்லை, வாசகரே, சத்தம்தான் உண்டு. ஏமானின் பிள்ளைகள் ஆண்டவருக்காகப் பாடினார்கள். தந்தையின் பெருமைக்காக அல்ல.

றேந்தை பின்னிய புனிதை

பழைய ஏற்பாடு தூரமாகத் தெரிகிறதா? கிட்டடிக்கு வருவோம்.

சிறுமலர் குழந்தை தெரேசம்மாளின் படம் இல்லாத கத்தோலிக்க வீடு நம்மிடையே குறைவு. அவருடைய தாய் செலி மார்ட்டின், பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் றேந்தை பின்னியவர். நம்முடைய கன்னியர் மடங்களில் றேந்தை பழகிய அம்மாமார் இந்த வேலையின் பாட்டை அறிவார்கள். அலென்சோன் றேந்தையோ ஊசியால் தைத்துத் தைத்து ஆக்கும் மிக நுண்ணிய கலை. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏழு மணித்தியால வேலை. முழுதாகக் கற்றுத் தேற ஏழு முதல் பத்து ஆண்டுகள் செல்லும். 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிந்தது. இந்தக் கலையை இளம் வயதில் கற்று, சொந்தமாகத் தொழிலும் தொடங்கிய செலி, 1858இல் மணிக்கூடு திருத்தும் கைவினைஞரான லூயி மார்ட்டினை மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். நால்வர் சிறுவயதிலேயே இறந்தார்கள். ஐந்து பெண்கள் மிஞ்சினார்கள், ஐவரும் கன்னியராயினர்.

புனிதை என்றவுடன் எல்லாம் அவருக்கு இலகுவாக இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. றேந்தைக்குக் கேட்டு வரும் கட்டளைகள் பெருகும்போது தம் வாழ்வு அடிமை வாழ்வாகிறதென்று அவற்றில் மனம்விட்டு முறையிடுகிறார். கட்டளைகள் இல்லாவிட்டாலோ, பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிக் கலங்குகிறார். கடைசிப் பிள்ளை தெரேசா 1873 தையில் பிறந்தபோது, தாயால் பாலூட்ட முடியவில்லை. குழந்தையின் உயிரைக் காக்க, நாட்டுப்புறத்தில் ஒரு செவிலித் தாயிடம் ஏறத்தாழ ஓராண்டு விட நேர்ந்தது. தொட்டில் வெறுமையாகக் கிடக்க, ஊசியோடு இருந்த அந்தத் தாயின் மனத்தை நினைத்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. அவர்களுடைய மூன்றாவது மகள் லெயோனி முரண்டுபிடிக்கும் பிள்ளை. தாய் எவ்வளவோ முயன்றும் அவளுடைய மனத்தின் கதவு திறக்கவில்லை. 1877ஆம் ஆண்டில்தான் காரணம் வெளிப்பட்டது. வீட்டுப் பணிப்பெண் அந்தப் பிள்ளையைப் பயமுறுத்தித் தன் கைக்குள் வைத்திருந்தாள். மூத்த மகள்தான் அதைக் கண்டுபிடித்தாள். வீட்டிலேயே இருந்து வேலை செய்த தாய், தன் கூரையின் கீழேயே நடந்ததைக் காணவில்லை! செலி நொந்துபோனார். ஆனால் நொந்து உட்கார்ந்திருக்கவில்லை. அந்த மகளைத் தம் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார். அப்போது அவருடைய மார்பில் புற்றுநோய் முற்றியிருந்தது. சில மாதங்களே மிஞ்சியிருந்தன. அந்தச் சில மாதங்களில் லெயோனி தாயை விட்டு அகலாத பிள்ளையானாள். அவ்வாண்டு ஆவணி 28இல், 45ஆம் வயதில், செலி இறந்தார். லெயோனி பிற்காலத்தில் துறவியானார்; இன்று அவருக்கும் புனிதர் பட்டம் வழங்கும் முயற்சி நடைபெறுகிறது.

பிந்திப்போனது என்று எண்ணும் பெற்றோருக்கு இது ஆறுதல். பன்னிரண்டு ஆண்டு காணாமல் விட்டதைப் பன்னிரண்டு கிழமைகளில் அன்பு திருத்தக் கூடும். ஆனால் முதலில், "நான் காணாமல் விட்டுவிட்டேன்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

லூயி மார்ட்டினையும் மறவாதீர்கள். அவர் தமது மணிக்கூட்டுக் கடையை 1870இல் மருமகனுக்கு விற்றுவிட்டு, மனைவியின் றேந்தைத் தொழிலுக்குக் கைகொடுக்க வந்தார். கணவனின் தொழிலுக்காக மனைவி தன்னுடையதை விடுவதுதானே உலக வழக்கம்? இங்கே மனைவியின் கைத்திறனுக்காகக் கணவன் தன்னுடையதை விட்டார். அதற்கு முன்னும், ஊர் எல்லாம் கடை திறந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடையைப் பூட்டினார். அந்த நாள் ஆண்டவருக்கும் வீட்டுக்கும் உரியதாயிற்று. 2015ஆம் ஆண்டு ஐப்பசி 18ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் இவ்விருவரையும் ஒருசேரப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கணவனும் மனைவியுமாகச் சேர்த்துப் புனிதர் பட்டம் பெற்ற முதல் இணை இவர்களே.

இனி நாம் என்ன செய்வது?

வாசகரே, மேலே சொன்னவற்றை நம் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவருவோம்.

தாய்மாருக்கு முதலில். உம்முடைய வயலினையோ, தூரிகையையோ, எழுதும் கொப்பியையோ புதைக்க வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், சோதனைக் காலம் என்றால், கைக்குழந்தை இரவில் நித்திரை கொள்ளாத மாதங்கள் என்றால், கலை கொஞ்சம் படுத்திருக்கட்டும். படுத்திருப்பது வேறு, புதைவது வேறு. படுத்திருப்பது எழும்பும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் இல்லாவிட்டால் பதினைந்து நிமிடம் போதும்; ஆனால் அது நாள்தோறும் இருக்கட்டும். கிழமையில் ஒருநாள் மூன்று மணித்தியாலம் பழகுவதிலும், நாள்தோறும் கால் மணித்தியாலம் பழகுவது விரலைக் காக்கும். அந்தக் கால் மணித்தியாலத்தில் பிள்ளை சிணுங்கினால் பாவம் ஒன்றுமில்லை. அம்மாவுக்கும் ஆண்டவர் ஒரு வேலை வைத்திருக்கிறார் என்று பிள்ளை அறிந்து வளர்வது நல்லது. பசியால் அழுகிற அழுகை எது, பிராக்குக்கு அழுகிற அழுகை எது என்று தாய்க்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

தந்தையருக்கு அடுத்தது. உம்முடைய மனைவிக்கும் ஒரு தாலந்து உண்டா என்று எப்போதாவது கேட்டதுண்டா? நீர் பழக்கத்துக்குப் போகும் இரவுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுபவர் அவரே. அவர் பழகும் கால் மணித்தியாலத்தில் பிள்ளையை மடியில் வைத்திருக்க உமக்குக் கை உண்டு. மேடையில் ராசாவாக நிற்கும் நீர், வீட்டில் பிள்ளைக்குச் சோறு தீத்தினால் முடி விழுந்துவிடாது.

கூத்து, நாடகம், இசைக்குழு என்று போகிறவர்களுக்கு இன்னுமொன்று. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதால் மட்டும் பிள்ளையோடு இருந்ததாகாது. லூக்காஸ் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், பாலன் இயேசு கூட்டத்தில்தான் வருகிறார் என்று எண்ணி, மரியன்னையும் சூசையப்பரும் ஒருநாள் வழி நடந்துவிட்டார்கள். அவர்களுக்கே அப்படி நேர்ந்தது! "பிள்ளை எங்கேயும் கூட்டத்தில்தான் நிற்பான்" என்ற எண்ணம் நம்மை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும்! அவர்கள் திரும்பி நடந்தார்கள். மூன்று நாள் தேடினார்கள். பழக்கத்துக்கு வரும் பிள்ளைக்கு ஒரு சோடித் தாளத்தைக் கையில் கொடும். ஒரு பாட்டைச் சொல்லிக் கொடும். பத்து மணி அடித்தால், பள்ளிக்கூட நாளானால், வீட்டுக்கு அனுப்பும். ராசாவின் வரவு நாளைக்கும் வரும். பிள்ளையின் இந்த வயது நாளைக்கு வராது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். ஐந்தில் தூங்கவிட்டதும் ஐம்பதில் விழிக்காது.

பங்குகளுக்கும் பங்குச் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாடகர் குழுவின் பழக்கத்தை இரவு எட்டு மணிக்கு வைத்துவிட்டு, "தாய்மார் ஒருவரும் வருகிறார்களில்லை" என்று குறைப்படாதீர்கள். ஞாயிறு பூசை முடிந்தபின் வையுங்கள். அந்த நேரம் மறைக்கல்வி வகுப்பும் நடக்கட்டும். தாய் பாட, பிள்ளை பக்கத்து அறையில் மந்திரம் படிக்கும். இருவரும் சேர்ந்து வீடு போவார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மரியாயின் சேனையில் நாலு பேர் கிடைக்கமாட்டார்களா?

கடைசியாக, இந்தக் காலத்துப் பெற்றோர் அனைவருக்கும். நேரமில்லை என்று கலையையும் விட்டு, நேரமில்லை என்று பிள்ளையையும் விட்டு, கைத்தொலைபேசியில் பிறர் பாடுவதையும் பிறர் ஆடுவதையும் இரவிரவாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம். பிள்ளையின் அழுகையை நிறுத்தவும் அதையே அதன் கையில் கொடுக்கிறோம். செலி மார்ட்டினுக்கு இருந்த நேரத்தைவிட நமக்குக் குறைவான நேரம் இல்லை. ஒருமுறை மனத்தைத் தொட்டுக் கணக்குப் பார்ப்போம்.

நாசரேத்தின் பட்டறை

நாசரேத்து ஊர் மக்கள் நம் ஆண்டவரைத் தச்சனுடைய மகன் என்றார்கள் என மத்தேயு எழுதுகிறார். மாற்கு எழுதும்போது, தச்சன் என்றே அழைத்தார்கள் என்கிறார். அந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மறைந்திருக்கின்றன. மகனுக்கு ஒரு தொழிலைக் கற்பிப்பது யூதத் தந்தையின் கடமைகளில் ஒன்று. சூசையப்பர் தம் வேலையை நிறுத்திவிட்டு மகனை வளர்க்கவில்லை. மகனை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வேலை செய்யவுமில்லை. மரச்சீவல்களுக்கு நடுவே, ஒரு சிறு கையைத் தம் கைக்குள் பிடித்து, இழைப்புளி தள்ளக் கற்றுக் கொடுத்திருப்பார். உலகைப் படைத்தவரின் கைக்கு, மரத்தில் ஆணி இறக்கக் கற்றுக் கொடுத்தவர் ஒரு மனிதத் தந்தை!

பின்னாளில் நம் ஆண்டவர் தம் பரமதந்தையைப் பற்றிப் பேசும்போது என்ன சொன்னார்? தந்தை செய்யக் காண்பதையே மகன் செய்கிறார். தந்தை மகனை நேசித்து, தாம் செய்வதையெல்லாம் அவருக்குக் காட்டுகிறார் என்றார். அருளப்பர் நற்செய்தி, ஐந்தாம் அதிகாரம். இதைச் சொன்னபோது, நாசரேத்தின் பட்டறையும், தம்மைப் பக்கத்தில் நிறுத்தி வேலையைக் காட்டிய அந்தப் பொறுமையுள்ள மனிதரும் ஆண்டவருடைய நினைவுக்கு வந்திருக்கமாட்டார்களா? நேசித்தல், காட்டுதல்: கலையும் பெற்றோர் கடமையும் இந்த இரண்டு சொற்களில் ஒன்றாகின்றன.

அந்த வயலின் தாயைப் பற்றி ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். அவருக்கு இப்போது பேரப்பிள்ளை உண்டு. அண்மையில் ஒரு பூசைக்குப் போயிருந்தேன். பாடகர் குழுவில் அவர் வாசிக்கவில்லை. ஆனால் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் பின்னால் நின்று, அவளுடைய முழங்கையை ஒரு விரலால் மெல்ல உயர்த்திவிட்டுக் கொண்டிருந்தார். பூசை முடிந்ததும் அவரிடம் போய், பல ஆண்டுகளாய் என் நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன். "அன்று நான் சொன்னது பிழை, பிள்ளை. மன்னித்துக்கொள்ளும்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பெட்டியைப் பூட்டச் சொன்னது நீங்கள்தான், சுவாமி. திறப்பைத் தன்ரை கையிலை வைச்சிருந்தவர் ஆண்டவர்" என்றார்.

அன்பார்ந்த வாசகரே, உங்கள் வீட்டிலும் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கலாம். சாக்கில் தூங்கிப்போன பிள்ளை ஒன்றும் இருக்கலாம். இந்தக் கிழமையே பெட்டியைத் திறவுங்கள். பிள்ளையையும் எழுப்பிப் பக்கத்தில் இருத்துங்கள். தொழிலாளரின் பாதுகாவலரும் தந்தையரின் முன்மாதிரியுமான புனித சூசையப்பர், கையால் உழைக்கும் கலைஞர் அனைவருக்காகவும், பிள்ளைகளைச் சுமக்கும் பெற்றோர் அனைவருக்காகவும் நம் ஆண்டவரை மன்றாடுவாராக. ஆமென்.